கையால் ஓட்டும் பயிற்சியும் நிலையான அணுகலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயணிகள் விமானங்களின் சிமுலேட்டர் பயிற்சிக்கு வருபவர்கள், புதியவர்களாக இருந்தாலும் பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர்களாக இருந்தாலும், இடைவேளையில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன். அணுகல் என்பது தரையிறங்குவதற்காக ஓடுபாதையை நோக்கி இறங்கிவரும் கட்டம். இங்கே வரும் எண்கள் பொதுவானவை. உங்கள் விமான வகையின் கையேடும் நிறுவனத்தின் விதிகளும் வேறாகச் சொன்னால் அவையே செல்லும்.

1. ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டால் அது கையால் ஓட்டுவதுதானே?

பாதிதான். விமான அறையில் தானியக்கம் மூன்று அடுக்காக இருக்கிறது. ஆட்டோபைலட் விமானத்தைத் திருப்புகிறது, ஏற்றி இறக்குகிறது. ஆட்டோத்ராட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்கிறது. ஃபிளைட் டைரக்டர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கணக்கிட்டுத் திரையில் பட்டைகளாகக் காட்டுகிறது. முதலாவதை மட்டும் அணைத்துவிட்டுப் பட்டைகளை நடுவில் வைத்துக்கொண்டே போனால், கணக்கு இன்னமும் கணினியுடையது. மோட்டார் செய்துவந்த வேலையை மட்டும் உங்கள் கை செய்கிறது.

அதில் தவறொன்றுமில்லை. ஆனால் நாங்கள் கையால் ஓட்டுதல் என்று சொல்வது, பட்டைகளையும் அணைத்துவிட்டு, வேகம், உயரம், திசை, இறங்கு வேகம் ஆகியவற்றை நேரடியாகப் படித்து, அடுத்த அசைவை நீங்களே முடிவுசெய்து ஓட்டுவதைத்தான். விமானிகள் இதை ரா டேட்டா என்பார்கள்.

2. இயந்திரம் என்னைவிடத் துல்லியமாக ஓட்டும்போது நான் எதற்காகப் பழக வேண்டும்?

இயந்திரம் கைவிடும் நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை என்பதற்காக. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகமானிக் குழாய்கள் பனித்துகளால் அடைபட்டன. வேக அளவு நம்பமுடியாததாக ஆனதும் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. விமானம் அந்த நொடியில் நன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தது. இருந்த பிட்ச் (மூக்கின் மேல்-கீழ் நிலை), இருந்த பவர் (எஞ்சின் உந்துவிசை) இரண்டையும் அப்படியே வைத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். மூக்கு மேலே இழுக்கப்பட்டு, விமானம் ஸ்டால் ஆகி (இறக்கை தூக்குவிசையை இழந்து), 228 பேர் இறந்தார்கள்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., தானியக்கத்தையே எப்போதும் சார்ந்திருப்பது விமானத்தை மீட்கும் திறனைக் குறைக்கக்கூடும் என்று 2013 ஜனவரியில் நிறுவனங்களை எச்சரித்து, பொருத்தமான நேரங்களில் கையால் ஓட்டுவதை ஊக்குவிக்கச் சொன்னது. 2014இல் ஸ்டீபன் கேஸ்னரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, தேய்வது எது என்பதைக் காட்டியது. போயிங் 747-400 சிமுலேட்டரில் சோதிக்கப்பட்ட விமானிகளுக்குக் கைத்திறனும் கருவிகளைப் பார்க்கும் பழக்கமும் பெருமளவு எஞ்சியிருந்தன. வரைபடத் திரை இல்லாமல் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிவது, அடுத்த படியை முடிவுசெய்வது, கோளாறைக் கண்டுபிடிப்பது ஆகியவையே சரிந்திருந்தன. "கை மறந்துவிடும்" என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, கையைவிட வேகமாகத் தலை மறக்கிறது என்பதுதான்.

3. பேட்டர்ன் என்றால் சின்ன விமானத்தில் பழகும்போது செய்தோமே, அவைதானே? இப்போது எதற்கு?

அவையேதான், ஜெட் விமானத்துக்கேற்ற அளவில். முதலில் நேராக, மட்டமாகப் பறந்தபடி 250 நாட்டிலிருந்து (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்; கீழே மைல் என்பதும் கடல் மைலே) 180க்கு வேகத்தைக் குறைத்து, மறுபடி கூட்டுவது. உயரம் அசையக்கூடாது. அடுத்தது, ஒரே வேகத்தில் நிமிடத்துக்கு 1000 அடி வீதம் ஏறி, அதே வீதத்தில் இறங்கி, மறுபடி ஏறும் செங்குத்து எஸ். அதை நேராகச் செய்து பழகிய பின் திரும்பிக்கொண்டே செய்வது. பிறகு 45 பாகைச் சாய்வில் ஒரு முழு வட்டம், அதில் உயரம் 100 அடிக்குள்ளும் வேகம் 10 நாட்டுக்குள்ளும் நிற்க வேண்டும். 45 பாகைச் சாய்வில் விமானத்தின் சுமை 1.41 மடங்காகிறது, அதைத் தாங்க மூக்கைச் சற்று உயர்த்தவும், உயர்த்தியதால் கூடும் இழுவையை ஈடுகட்டப் பவரைச் சற்றுக் கூட்டவும் வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதே அந்தப் பயிற்சியின் பொருள்.

இவற்றில் எதையும் பயணிகளோடு பறக்கும்போது நீங்கள் செய்யப்போவதில்லை. ஆனால் கடைசி 10 மைலில் நடப்பதெல்லாம் இவற்றின் கலவைதான்: வேகம் குறைகிறது, ஃபிளாப் எனப்படும் இறக்கை மடிப்புகள் இறங்குகின்றன, விமானம் திரும்புகிறது, இறங்கத் தொடங்குகிறது. தனித்தனியாகத் தடுமாறுகிறவர் நான்கும் சேர்ந்து வரும்போது கவனத்தை முழுவதும் விமானத்தை நேராக வைப்பதிலேயே செலவழித்துவிடுவார். கட்டுப்பாட்டாளர் சொல்வதைக் கேட்கவோ முன்னால் யோசிக்கவோ மிச்சம் இருக்காது. இந்த மிச்சத்தை உண்டாக்குவதற்காகத்தான் பேட்டர்ன்.

4. பிட்ச், பவர் எண்களை மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?

ஆக வேண்டும். விமானத்துக்கு மூக்கின் நிலையும் உந்துவிசையும் தெரிந்தால், அதன் எடைக்கும் ஃபிளாப் நிலைக்கும் ஏற்ற வேகமும் ஏற்ற இறக்கமும் தாமாகவே அமைந்துவிடும். வேகமானி அதை நமக்குச் சொல்ல மட்டுமே செய்கிறது. போயிங் 737 புதிய தலைமுறை விமானங்களில் வேகமானியை நம்ப முடியாதபோது நினைவிலிருந்து செய்ய வேண்டியது, ஃபிளாப் உள்ளே இருந்தால் 4 பாகையும் 75 விழுக்காடு என்-1உம் (எஞ்சின் விசிறியின் சுழல்வேகம்), வெளியே இருந்தால் 10 பாகையும் 80 விழுக்காடும். ஏர் பிரான்ஸ் 447 குழுவுக்குத் தேவைப்பட்டதும் இந்த வகை அறிவுதான்.

அந்த அவசர எண்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். உங்கள் விமானத்தில் 250 நாட்டில் மட்டமாகப் பறக்க எவ்வளவு, 180 நாட்டில் முதல் ஃபிளாப்புடன் எவ்வளவு, சக்கரங்களும் முழு ஃபிளாப்பும் இறங்கிய நிலையில் 3 பாகை இறங்குபாதையில் எவ்வளவு என்று ஐந்தாறு ஜோடிகளைத் தெரிந்துவைத்திருங்கள். எண் தெரிந்தவர் முதலில் அதை வைத்துவிட்டுப் பிறகு சிறிதாகத் திருத்துவார். தெரியாதவர் உந்துவிசை லீவரை முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே தேடுவார். சிமுலேட்டரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து லீவர் நகரும் சத்தத்தைக் கேட்டே இருவரையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

5. கண்ணை எங்கே வைப்பது? ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று ஓடிவிடுகிறது.

செயற்கை அடிவானம் காட்டும் கருவியில். அங்கிருந்து ஒரு கருவிக்குப் போய், படித்து, மறுபடி அடிவானத்துக்கே திரும்ப வேண்டும். வேகத்திலிருந்து நேராக உயரத்துக்கும், உயரத்திலிருந்து நேராகத் திசைக்கும் தாவக்கூடாது. ஓடிவிடுவது பெரும்பாலும் நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் அளவுக்குப் பக்கத்தில் இருப்பதுதான்: வேகத்தைத் திருத்தப் பவரை மாற்றியவுடன் மூக்கு நகரும். ஆகையால் பவரில் கை வைத்தவுடன் கண் அடிவானத்தில் இருக்க வேண்டும்.

6. ஊசியைத் துரத்தாதே என்கிறீர்கள். துரத்தாமல் எப்படிப் பிடிப்பது?

ஊசியைப் பிடிக்க வேண்டாம், திசையைப் பிடியுங்கள். ஐ.எல்.எஸ். என்பது ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அமைப்பு; அதில் இடவல விலகலுக்கான லோகலைசர் ஊசி காட்டுவது கோண விலகலை. 1 பாகை விலகல், லோகலைசர் ஆன்டெனாவிலிருந்து 6 மைலில் ஏறத்தாழ 600 அடி, 1 மைலில் ஏறத்தாழ 100 அடி. பாதை ஒரு புனலைப்போல் குறுகிக்கொண்டே வருகிறது. தொலைவில் போதாத திருத்தம் அருகில் மிகையாகிவிடும். ஊசி நகர்ந்தால் 5 பாகை திசை மாற்றி, அந்தத் திசையிலேயே நின்று, ஊசி என்ன செய்கிறது என்று பாருங்கள். அது நின்றுவிட்டால் காற்றுக்கு ஈடான திசை கிடைத்துவிட்டது. திரும்பி வரத் தொடங்கினால் பாதியைத் திருப்பிக் கொடுங்கள். கடைசி இரண்டு மூன்று மைலில் 2 பாகைக்கு மேல் தேவைப்படுவது அரிது.

உயரத்துக்கும் இதே வழிதான், திசைக்குப் பதில் இறங்கு வேகம். 3 பாகைப் பாதையில் தரைவேகத்தை 5ஆல் பெருக்கினால் தேவையான இறங்கு வேகம் கிடைக்கும்: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. அந்த எண்ணை அடிப்படையாக வைத்துக்கொண்டு 100, 200 அடி கூட்டிக் குறைத்தால் போதும். நிமிடத்துக்கு 1000 அடிக்கு மேல் இறங்க வேண்டிவந்தால், அது திருத்தமாக இருக்காது. அடுத்த கேள்விக்குள் போய்விடும்.

7. "நிலையான அணுகல்" என்பதற்கு உறுதியான அளவுகோல் இருக்கிறதா, அல்லது ஆளுக்கொன்றா?

இருக்கிறது. ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் தொகுத்த அளவுகோலை அடிப்படையாக வைத்தே பெரும்பாலான நிறுவனங்கள் தத்தம் விதிகளை எழுதியிருக்கின்றன. மேகத்துக்குள் பறக்கும் நிலையில் விமான நிலைய மட்டத்துக்கு மேல் 1000 அடியிலும், வெளியே தெளிவாகத் தெரியும் நிலையில் 500 அடியிலும் விமானம் நிலைபெற்றிருக்க வேண்டும். அதாவது சரியான பாதையில் இருக்க வேண்டும். பாதையில் நிற்கச் சிறு திருத்தங்களே தேவைப்பட வேண்டும். வேகம் வி-ரெஃப் எனப்படும் அடிப்படைத் தரையிறங்கு வேகத்துக்குக் குறையாமலும் அதைவிட 20 நாட்டுக்கு மேல் கூடாமலும் இருக்க வேண்டும். சக்கரங்களும் ஃபிளாப்பும் தரையிறங்கும் நிலையில் இருக்க வேண்டும். இறங்கு வேகம் நிமிடத்துக்கு 1000 அடியைத் தாண்டக்கூடாது. பவர் அந்த நிலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். சரிபார்ப்புப் பட்டியல் முடிந்திருக்க வேண்டும். எல்லா நிலையிலும் 1000 அடி என்று ஒரே எண்ணை வைத்துக்கொண்ட நிறுவனங்களும் உண்டு. பயிற்றுநராக எனக்கு அதுவே பிடித்தது, அன்றைய வானிலை எந்த வகை என்று விவாதிக்க இடமில்லாததால்.

பட்டியலில் பலரும் தாண்டிப் போவது பவர். வேகமும் பாதையும் சரியாகக் காட்டும்போதே லீவர் ஐடிலில் (எஞ்சினின் மிகக் குறைந்த உந்துவிசை நிலையில்) கிடந்தால் அது நிலையான அணுகல் இல்லை. வேகம் குறைந்துகொண்டே வரும் வழியில், சரியான எண்ணைத் தற்செயலாகக் கடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஐடிலில் இருக்கும் ஜெட் எஞ்சின் முழு உந்துவிசைக்கு வரச் சில நொடிகள் எடுக்கும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

8. அப்படியானால் 1000 அடியில் சரிபார்த்தால் போதுமல்லவா?

சரிபார்ப்பது அங்கே, முடிவாவது 20, 30 மைலுக்கு முன்னால். உயரமும் வேகமும் சேர்ந்த மொத்த ஆற்றலைக் கரைக்கத் தொலைவு வேண்டும். பழைய கணக்கு இன்றும் சரியாக இருக்கிறது: 1000 அடி இறங்க 3 மைல், மட்டமாகப் பறந்தபடி 10 நாட் குறைக்க 1 மைல். விமான நிலையத்துக்கு மேல் 10,000 அடியில் 250 நாட்டில் இருந்தால், இறங்க 30 மைல், 180 நாட்டுக்கு வர 7 மைல், ஆக 37. பின்காற்று இருந்தால் ஒவ்வொரு 10 நாட்டுக்கும் 1 மைல் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைத் திரை போட்டுக் காட்டும். ஆனால் கட்டுப்பாட்டாளர் குறுக்குவழி கொடுத்த நொடியில் திரையின் கணக்கு பழையதாகிவிடும், உங்கள் தலையில் இருப்பதே மிஞ்சும்.

2020 மே 22 அன்று கராச்சியில் பாகிஸ்தான் இன்டர்நேஷனலின் 8303 என்ற ஏ320 விமானம், ஓடுபாதைக்கு ஏறத்தாழ 15 மைலில் 10,000 அடிக்குச் சற்றே கீழே இருந்தது. மேலே சொன்ன கணக்கின்படி அங்கே இருக்க வேண்டிய உயரம் அதில் பாதி. கட்டுப்பாட்டு அறை எச்சரித்தும் குழு தொடர்ந்தது; முன்பே இறக்கியிருந்த சக்கரங்கள் வழியில் மேலே இழுக்கப்பட்டன; எஞ்சின்கள் ஓடுபாதையில் உரசின. மீண்டும் எழும்பிய விமானம் இரண்டு எஞ்சின்களும் செயலிழந்து குடியிருப்பில் விழுந்தது. அதில் இருந்த 99 பேரில் இருவர் மட்டுமே பிழைத்தார்கள். 1000 அடியில் எத்தனையோ தவறாக இருந்தன. ஆனால் அந்த அணுகல் கெட்டது 15 மைலுக்கு முன்னால்.

9. உயரமும் அதிகம், வேகமும் அதிகம். எதை முதலில் சரிசெய்வது?

தொலைவைப் பொறுத்தது. தொலைவில் இருந்தால் வேகத்தை வைத்துக்கொண்டு ஸ்பீடு பிரேக்குடன் (இறக்கைமேல் எழுந்து இழுவையைக் கூட்டும் தகடுகள்) இறங்குங்கள். வேகம் கூடுதலாக இருக்கும்போது காற்றின் இழுவையும் கூடுதல், உயரம் விரைவாகக் கரையும். அருகில் வந்துவிட்டால் முதலில் வேகம். சக்கரங்களை இறக்கும் வேகத்துக்கு வந்து, அவற்றை இறக்கி, அந்த இழுவையைக் கொண்டு இறங்க வேண்டும். இரண்டுக்கும் இடமில்லை என்று தோன்றினால் கட்டுப்பாட்டாளரிடம் கூடுதல் மைல் கேளுங்கள். அதைக் கேட்பதற்கு ஏனோ பலருக்கும் கூச்சம். ஒரே வாக்கியத்தில் தீரக்கூடிய சிக்கலைக் கூச்சத்தால் 500 அடி வரை இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

10. 1000 அடியில் வேகம் சற்று அதிகம், 900இல் சரியாகிவிடும் என்று தெளிவாகத் தெரிகிறது. அப்போதும் கோ-அரவுண்டா?

ஆம். இறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றி வருவதுதான் கோ-அரவுண்ட். இந்தக் கேள்வியே மிக அதிகமாக வருகிறது, மிக நியாயமாகவும் தோன்றுகிறது. 900இல் சரியாகிவிடும் என்ற உங்கள் கணிப்பு பெரும்பாலும் பலிக்கும். சிக்கலும் அதுதான். ஒவ்வொரு முறை பலிக்கும்போதும் எல்லை உங்களுக்குள் 900க்கும், பிறகு 700க்கும் நகர்கிறது. கணிப்பு பலிக்காத நாளில் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பது அதற்குள் முடிவாகிவிட்டிருக்கும். ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் 2017இல் வெளியிட்ட கோ-அரவுண்ட் ஆய்வின்படி, நிலையற்ற அணுகல்களில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே கோ-அரவுண்டில் முடிகின்றன. மற்ற 97இல் இருந்த விமானிகள் எல்லாரும் கவனமற்றவர்கள் அல்லர். சரியாகிவிடும் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள்.

விதியை எல்லையில் வைப்பதன் பயன், அந்த நேரத்தில் நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை என்பதே. வேலை உச்சத்தில் இருக்கும்போது, ஓடுபாதை கண்முன் இருக்கும்போது, அனைவருக்கும் இறங்கிவிடவே மனம் சாயும். அப்படிச் சாய்ந்த மனத்திடம் தீர்ப்பு கேட்கக்கூடாது. உங்கள் நிறுவனத்தின் எல்லை நடைமுறைக்கு ஒவ்வாத அளவு கடுமையாக இருந்தால், அதைத் தரையில், கூட்டத்தில் எழுப்புங்கள்.

11. காற்று அலைக்கழிக்கும் நாளில் வேகம் நொடிக்கு நொடி மாறுமே. அப்படியானால் எப்போதும் கோ-அரவுண்ட்தானா?

இல்லை. காற்றின் வீச்சால் எல்லையைக் கணநேரம் தாண்டித் திரும்புவதை எல்லா விதிகளும் அனுமதிக்கின்றன. தாண்டிய இடத்திலேயே நிற்பதும், அதைச் சொல்லிய பிறகும் திருத்தப்படாமல் இருப்பதும்தான் நிலையின்மை. காற்றுக்கு ஈடாக எவ்வளவு வேகம் சேர்ப்பது என்பதைக் கையேடு சொல்லும்; அதற்கு மேல் "எதற்கும் இருக்கட்டும்" என்று சொந்தமாக 10 நாட் சேர்ப்பவர்களுக்குக் கடைசிக் கேள்வியில் பதில் இருக்கிறது.

12. நான் துணை விமானி. கோ-அரவுண்ட் என்று சொல்லியும் கேப்டன் தொடர்ந்தால் என்ன செய்வது?

2010 மே 22, மங்களூரு. (கராச்சி விபத்துக்குச் சரியாகப் பத்தாண்டு முன்பு.) ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 மிக உயரமாக வந்தது, துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் என்று சொன்னார், கேப்டன் தொடர்ந்தார். 8,033 அடி ஓடுபாதையில் ஏறத்தாழ 5,200 அடி கடந்த பின் சக்கரம் தொட்டது. 158 பேர் இறந்தார்கள். நிலையற்ற அணுகலைக் கேப்டன் கைவிடாததே நேரடிக் காரணம் என்றது விசாரணைக் குழு.

கோ-அரவுண்ட் என்ற சொல்லை இருவரில் யார் சொன்னாலும், ஓட்டுபவர் விவாதிக்காமல் செய்ய வேண்டும், காரணத்தை மேலே போன பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது இன்று பெரும்பாலான நிறுவனங்களின் விதி. இரண்டு முறை சொல்லியும் சரியான பதிலோ செயலோ வராவிட்டால், ஓட்டுபவர் செயலிழந்துவிட்டார் என்று கொண்டு, கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளவும் விதி இடமளிக்கிறது. இதைச் சிமுலேட்டரில் உண்மையாகவே செய்து பழக வேண்டும். கேப்டன் இருக்கையில் பயிற்றுநர் அமர்ந்து வேண்டுமென்றே தொடரும்போது, விதியைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய துணை விமானிகள்கூட மூன்றாவது முறையும் "வேகம் சார்" என்றே சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சொல்லை மாற்றுங்கள்: முதலில் அளவு, அடுத்து "நிலையற்றது, கோ-அரவுண்ட்", அதற்கும் அசைவில்லை என்றால் "கட்டுப்பாடு என்னிடம்".

13. விஷுவல் சர்க்யூட்டில் எப்போது திரும்புவது என்றே பிடிபடவில்லை. கணக்கு ஏதாவது உண்டா?

உண்டு. விஷுவல் சர்க்யூட் என்பது ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தபடி சுற்றிவந்து இறங்குவது. விமான நிலைய மட்டத்துக்கு மேல் 1500 அடியில், ஓடுபாதைக்கு இணையாக, ஏறத்தாழ 2 மைல் தள்ளிப் பறக்கிறீர்கள். ஓடுபாதை முகப்பு தோளுக்கு நேராக வந்ததும் கடிகாரத்தை அழுத்துங்கள். ஒவ்வொரு 100 அடி உயரத்துக்கும் 3 நொடி, ஆக 45 நொடி. அந்த நேரத்தில் பின்காற்று இருந்தால் நாட்டுக்கு ஒரு நொடி வீதம் கழித்துவிட்டுத் திரும்புங்கள். பிறகு கணக்கை விட்டுவிட்டு வெளியே பாருங்கள். திருப்பத்தின் நடுவில் ஓடுபாதை அகலமாகவும் தட்டையாகவும் தெரிந்தால் நீங்கள் தாழ்வு. நீண்டு ஒடுங்கித் தெரிந்தால் உயரம்.

கடைசித் திருப்பத்தில் ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டால், சாய்வைக் கூட்டி இழுத்து மீட்கும் ஆசை வரும். வேகம் குறைந்த, தரைக்கு அருகான அந்த இடத்தில் சாய்வைக் கூட்டினால் என்னாகும் என்பதற்கு மூன்றாவது பதிலில் சொன்ன 1.41ஐ நினைத்துக்கொள்ளுங்கள். தாண்டினால் கோ-அரவுண்ட், இன்னொரு சுற்று.

14. ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டு ஆட்டோத்ராட்டிலை மட்டும் விட்டுவைக்கலாமா? ஒரு வேலை குறையுமே.

விமான வகை சொல்வதைக் கேளுங்கள். போயிங்கிலேயே 737க்கு, கையால் ஓட்டும்போது புறப்பாடும் ஏற்றமும் தவிர மற்ற நேரத்தில் அதை அணைத்துவிடப் பரிந்துரை. 777க்கு எல்லாக் கட்டத்திலும் வைத்திருக்கலாம் என்று பரிந்துரை. 737இல் எஞ்சின்கள் இறக்கைக்குக் கீழே தொங்குவதால் பவர் கூடும்போது மூக்கு மேலெழும். நீங்கள் எதிர்பாராத நேரத்தில் இயந்திரம் பவரை மாற்றினால் கையும் இயந்திரமும் இழுபறியில் இறங்கிவிடும். 777இல் பறப்புக் கணினி அதைத் தானே ஈடுகட்டுகிறது. ஏர்பஸ்ஸில் ஆட்டோத்ரஸ்ட் பவரை மாற்றும்போது லீவர்கள் நகர்வதே இல்லை, ஆகவே கைக்குச் செய்தி வராது, கண்தான் பார்க்க வேண்டும்.

எதை விட்டுவைத்தாலும், அது இப்போது என்ன வேலையில் இருக்கிறது என்று திரையின் மேல்வரிசையில் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா 214 என்ற 777 விமானம், இறங்குபாதையைக் காட்டும் கிளைட் ஸ்லோப் சிக்னல் வேலை செய்யாத ஓடுபாதைக்குக் கண்பார்வையில் இறங்கியது. உயரம் அதிகமாக இருந்ததைக் குறைக்கும் முயற்சியில் குழு தேர்ந்தெடுத்த முறையாலும் லீவரைக் கையால் ஐடிலுக்கு இழுத்ததாலும் ஆட்டோத்ராட்டில் 'ஹோல்ட்' நிலைக்குப் போய்விட்டது; அந்த நிலையில் அது வேகத்தைக் காப்பதில்லை. இயந்திரம் பார்த்துக்கொள்கிறது என்ற நம்பிக்கையிலேயே 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 வரை சரிந்தது. விமானம் கடல்தடுப்புச் சுவரில் மோதி மூவர் இறந்தார்கள். முழுத் தானியக்கமும் ஆபத்தில்லை, முழுக் கைவேலையும் ஆபத்தில்லை. எந்தப் பாதி யாருடையது என்று தெரியாத நிலைதான் ஆபத்து.

15. பயணிகளோடு பறக்கும்போது எந்த நேரத்தில் கையால் ஓட்டிப் பழகலாம்?

வேலை குறைவான நேரத்தில், இருவரும் முன்கூட்டியே பேசிக்கொண்ட பிறகு. வானம் தெளிவாக, நிலையம் அமைதியாக, இருவரும் களைப்பில்லாமல் இருக்கும் நாள் நல்ல நாள். 29,000 அடிக்கு மேல், விமானங்களுக்கிடையே 1000 அடி இடைவெளி மட்டும் விடப்படும் வான்வெளி அதற்கு ஏற்ற இடமில்லை. கட்புலன் மிகக் குறைந்த இரண்டாம், மூன்றாம் வகை அணுகல்களிலும் கூடாது. கண்காணிக்கும் விமானிக்கு வேலை இரட்டிப்பாகும் என்பதை மறக்க வேண்டாம். திசை, உயரக் குமிழ்களைத் திருப்புவது இப்போது அவர் பொறுப்பு. அவர் திணறத் தொடங்கினால் ஆட்டோபைலட்டை மறுபடி போடுங்கள். அது தோல்வியில்லை.

16. கோ-அரவுண்டிலும் விமானங்கள் விழுந்திருக்கின்றனவே. இறங்கிவிடுவதே பாதுகாப்பு என்று சொன்னால் தவறா?

கேள்வியின் முதல் பாதி உண்மை. 2000 ஆகஸ்ட் 23 அன்று பஹ்ரைனில் கல்ஃப் ஏர் 072, 2016 மார்ச் 19 அன்று ரோஸ்தோவில் ஃபிளைதுபாய் 981, இரண்டும் இருட்டில் கோ-அரவுண்ட் செய்யும்போது மூக்கு கீழே தள்ளப்பட்டு விழுந்தவை. 143 பேரும் 62 பேரும் இறந்தார்கள். முழு உந்துவிசையில் விமானம் முன்னோக்கிப் பாயும்போது, வெளியே பார்க்க எதுவும் இல்லாவிட்டால், உட்காதின் சமநிலை உறுப்பு அதை மூக்கு மேலெழுவதாக உணர்கிறது; கை தானாக முன்னே தள்ளும். 2016 ஆகஸ்ட் 3 அன்று துபாயில் எமிரேட்ஸ் 521 இன் கதை வேறு: சக்கரம் தரையைத் தொட்டபின் கோ-அரவுண்ட் பொத்தானை அழுத்தினார்கள், தரையில் அது வேலை செய்யாது, லீவர் ஐடிலிலேயே இருந்தது. அனைவரும் வெளியேறினார்கள்; ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார்.

ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு, கோ-அரவுண்டைத் தவிர்ப்பது அல்ல, அதைப் பழகுவது. வழக்கமான பயிற்சியில் ஒரு எஞ்சின் செயலிழந்த நிலையில், தீர்மான உயரத்தில் (இறங்குவதா இல்லையா என்று முடிவெடுக்கும் உயரம்) செய்வதே அதிகம். அது எதிர்பார்த்துச் செய்வது, விமானமும் மெதுவாகவே ஏறும். வாழ்வில் வருவது இரண்டு எஞ்சினும் முழு வலிமையோடு, எரிபொருள் குறைந்து எடை இல்லாத விமானத்தில், 1300 அடியிலோ 30 அடியிலோ வரும். நிற்க வேண்டிய உயரம் 2000 என்றால், 1300இலிருந்து அது சில நொடிகளில் வந்துவிடும். அடிவானக் கருவியில் கண், கையேடு சொல்லும் பிட்ச், லீவர் உண்மையிலேயே முன்னே போயிற்றா என்று கையால் உறுதிசெய்தல், பிறகு ஃபிளாப், ஏறுவது உறுதியான பின் சக்கரம். பத்தாவது பதிலில் சொன்ன 3 விழுக்காட்டுக்கு, இந்தப் பழக்கமின்மையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்: நன்றாகச் செய்ய வராததைச் செய்ய யாரும் விரும்புவதில்லை.

17. ஒவ்வொரு அசைவும் பதிவாகிறதே. கையால் ஓட்டி எல்லை தாண்டினால் மாட்டிக்கொள்வோமே?

27,000 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களை இயக்கும் நிறுவனங்களுக்குப் பறப்புத் தரவுப் பகுப்பாய்வு சர்வதேச விதிப்படி கட்டாயம். அது தண்டிக்கும் நோக்கில் இருக்கக்கூடாது என்பதும் அதே விதியில் உள்ளது. நடைமுறையில் எல்லா இடத்திலும் அந்த இரண்டாம் பாதி ஒரே அளவில் காக்கப்படுகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு விலகலுக்கும் விளக்கக் கடிதம் கேட்கும் நிறுவனத்தில் விமானிகள் ஆட்டோபைலட்டை 300 அடி வரை அணைக்கமாட்டார்கள், கோ-அரவுண்டும் செய்யமாட்டார்கள். அறிக்கை அழகாக இருக்கும், திறன் தேயும். உங்களால் செய்யக்கூடியது, பதினைந்தாவது பதிலில் சொன்னபடி நாளைத் தேர்ந்தெடுப்பதும், எல்லை தாண்டினால் அவர்கள் கேட்கும் முன் நீங்களே அறிக்கை எழுதிவிடுவதும்.

18. 500 அடி வரை எல்லாம் சரியாக இருந்தது, கடைசியில் விமானம் மிதந்துகொண்டே போய்விட்டது. அணுகல் நிலையானதுதானே?

500 அடியில் நிலையாக இருந்தது, முகப்பில் இல்லை. அளவுகோல் சக்கரம் தொடும் வரை தொடர்கிறது. முகப்பை 50 அடியில் கடக்க வேண்டும். 100 அடியில் கடந்தால், 3 பாகைப் பாதையில் தொடும் இடம் ஏறத்தாழ 950 அடி தள்ளிப் போகிறது. வேகம் 10 விழுக்காடு கூடினால் பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் 21 விழுக்காடு கூடுகிறது, அதற்கு முன்பே விமானம் தரையைத் தொட மறுத்து மிதக்கிறது. மிதக்கும் ஒவ்வொரு நொடியும் 140 நாட்டில் ஏறத்தாழ 236 அடி ஓடுபாதை. "எதற்கும் இருக்கட்டும்" என்று சேர்த்த 10 நாட் போகும் இடம் இதுதான்.

ஆகவே எங்கே தொட வேண்டும் என்பதையும் அணுகலுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஓடுபாதையில் வரைந்திருக்கும் தரைதொடு பகுதிக்குள் சக்கரம் தொடாது என்று தெரிந்தால், 10 அடி உயரத்தில் இருந்தாலும் கோ-அரவுண்ட். இழுத்துத் தரையில் வைக்கவும் கூடாது, அது தொடும்வரை காத்திருக்கவும் கூடாது. தொட்டபின் துள்ளினாலும் போகலாம், ஆனால் லீவரைக் கையால் முன்னே தள்ளி. பொத்தான் உதவாது என்பதை எமிரேட்ஸ் 521இல் பார்த்தோம். எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்சரை இழுத்துவிட்டால் மட்டும் அந்த வழி மூடிவிடுகிறது: அதன்பின் முழுமையாக நிறுத்தியே ஆக வேண்டும்.